பைலோனிடல் சைனஸ்: அகலமாக வெட்டித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது: 21 வயதுக் கல்லூரி மாணவர். வால் எலும்புக்குச் சற்று மேலே, பிட்டங்களுக்கு நடுவில் உள்ள பிளவில் மூன்று சின்னத் துளைகள். இடப்பக்கம் ஒரு கட்டி வந்து உடைந்து, ஆறு மாதமாகக் கசிகிறது. ஒரு சர்ஜன், "மொத்தமா வெட்டி எடுத்துத் திறந்தே விடணும், ரெண்டு மாசம் டிரெஸ்ஸிங்" என்கிறார். இன்னொரு இடத்தில், "லேசர், மறுநாளே எழுந்து போகலாம்" என்கிறார்கள். எதைச் செய்வது? ஐந்து வாரத்தில் செமஸ்டர் தேர்வு வேறு இருக்கிறது.

இரண்டு இடத்திலும் சொன்னது பாதிதான் சரி. நடுக்கோட்டில் மூன்று துளை, ஒரு பக்கம் மட்டும் புரை (தோலுக்கடியில் ஓடும் குழாய் போன்ற வழி), இதுவரை கத்தி படாத இடம் என்றால் சதையைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை, சின்ன அறுவையே போதும். ஆனால் சின்ன அறுவை என்றாலே லேசர் என்று அர்த்தமில்லை. நான்கைந்து முறைகள் இருக்கின்றன. அவற்றில் மிக எளியதை, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். பைலோனிடல் சைனஸ் என்ற இந்த நோய் பவுத்திரமும் இல்லை, மூலமும் இல்லை. பவுத்திரம் ஆசனவாயின் உட்பக்கத்தில் தொடங்கி வெளியே வருவது. இது வெளித்தோலில் தொடங்கி உள்ளே போவது. "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று சுவரில் எழுதியிருக்கும் இடங்களில் இதற்கும் காரமருந்து வைத்துவிடுவார்கள். சின்னப் புரை பெரிய புண்ணாகிவிடும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நோய் எங்கே இருக்கிறது என்று புரிந்தால் எந்த அறுவை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1880-இல் அமெரிக்க சர்ஜன் ஹாட்ஜஸ் வைத்த 'பைலோனிடல்' என்ற பெயருக்கு லத்தீனில் 'முடிக்கூடு' என்று பொருள். பிறவியிலேயே உள்ளே தங்கிப்போன திசு என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அப்படி நம்பியதால், எலும்பின் மேலுறை தெரியும் வரை ஒரு கைப்பிடிச் சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போன அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் 80,000 பேர் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 'ஜீப் நோய்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதே 1940-களில், முடி வெட்டுபவர்களின் விரல் இடுக்கிலும் இதே புரை வருவது எழுதப்பட்டது. விரல் இடுக்கில் யாருக்கும் பிறவித் திசு கிடையாது. அங்கே இருப்பது மற்றவர்களின் நறுக்கு முடிதான்.

ஆக, முடி வெளியிலிருந்து உள்ளே போகிறது. முடியின் மேல் உள்ள செதில்கள் ஒரே பக்கம் சாய்ந்தவை. நெற்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டால் அதன் சுணை ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகுமே, அதே கணக்குத்தான். உள்ளே போன முடி மேலும் உள்ளே நகரும், வெளியே வராது. கிரேக்க ராணுவ சர்ஜன் கரிடாக்கிஸ் மூன்று காரணங்களைச் சேர்த்துச் சொன்னார்: உதிர்ந்த முடி, அதை உள்ளே தள்ளும் அசைவு, எளிதில் துளைபடும் ஈரமான ஆழமான பிளவு. 2018-இல் ஜெர்மனியில் புரைகளிலிருந்து எடுத்த முடிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலானவை வேரில்லாத, நுனி கூரான சிறு துண்டுகள். அவற்றில் தலைமுடியே நிறைய இருந்தது. முடி வெட்டும்போது கழுத்து வழியாக முதுகில் இறங்கிய துண்டுகள் அவை. முடி வெட்டிவிட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த நோய்க்காரருக்கு நேரடி மருத்துவ அறிவுரை. அதைத் தட்டாமல் செய்யுங்கள்.

அமெரிக்காவில் ஆரெகான் மாநிலத்தின் ஜான் பாஸ்கம் 1980-இல் வலியுறுத்திய செய்திதான் சின்ன அறுவைகளுக்கெல்லாம் அடிப்படை. நடுக்கோட்டுத் துளையின் உட்சுவர் மட்டும்தான் தோல். ஆழத்தில் இருக்கும் பைக்குத் தோல் உறை கிடையாது, அது வெறும் அழற்சிச் சதை. முடியையும் சீழையும் எடுத்து, உள்ளே போகும் வாசலை அகற்றிவிட்டால் அந்தப் பை தானாகவே தூர்ந்துவிடும். தோண்டி எடுக்கப்படும் சதையில் பெரும்பகுதி நல்ல சதை.

இனி முறைகளுக்கு வருகிறேன். பாஸ்கம் வழியில் துளை மட்டும் எடுப்பதை 'பிட் பிக்கிங்' என்பார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து, இரண்டு பிட்டங்களையும் அகலமான பிளாஸ்டரால் பக்கவாட்டில் இழுத்து மேஜையோடு ஒட்டுவார்கள். அந்த இழுப்பு இல்லாமல் பிளவின் அடி தெரியாது. முடியை மெஷினால் ஒட்ட வெட்டி, மருந்து போட்டுத் துடைத்தபின் துளைகளைத் தேட வேண்டும். இந்தத் தேடல்தான் பாதி அறுவை. சில துளைகள் முடித்துளையைவிடக் கொஞ்சமே பெரியவை. தோலை இரு விரலால் விரித்தால்தான் வாய் திறக்கும். சிலவற்றில் முடி நுனி ஒன்று கரும்புள்ளியாக நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று என்று நினைத்து வந்தவருக்கு நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஐந்தாகத் தெரியலாம். விட்டுப்போன ஒரு துளை, அடுத்த கட்டிக்கு வாசல்.

மரத்துப்போக 1% லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்தது. உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம், அதாவது 42 மில்லி. வழக்கமாக அதில் பாதிகூடத் தேவைப்படாது. சீழ் உள்ள திசு அமிலத்தன்மை கொண்டது, அதற்குள் ஊசி போட்டால் மரக்காது. சுற்றியுள்ள நல்ல தோலில் வட்டமாகப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காத இடத்தில்தான் "மரப்பு ஊசி வேலையே செய்யல" என்ற குறை எழுகிறது.

ஒவ்வொரு துளையையும் சுற்றி 2 முதல் 4 மில்லிமீட்டர் தோல் மட்டும் எடுக்கப்படும். கையில் வைத்துப் பார்த்தால் ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். பிறகு நடுக்கோட்டைவிட்டு 1–2 சென்டிமீட்டர் தள்ளி, ஏற்கெனவே கசிகிற வாயையே பெரிதாக்கியோ புதிதாகக் கீறியோ, பையைத் திறந்து சுரண்டுவார்கள். மெல்லிய இடுக்கியால் முடியைக் கொத்தாகவும் ஒற்றையாகவும் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். சில பைகளில் ஒரு முடிகூட இருக்காது, அதுவும் இயல்பே. உப்புநீரால் கழுவுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் வழக்கம்தான். ஆனால் வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், அழுத்திப் பீய்ச்சக் கூடாது. மூடிய குழிக்குள் அது வாயுவாகி ரத்தநாளத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பக்கவாட்டு வாய் திறந்தே விடப்படும். நடுக்கோட்டுச் சிறு துளைகளை ஒரு தையல் போடுவாரும் உண்டு, அப்படியே விடுவாரும் உண்டு.

இஸ்ரேலைச் சேர்ந்த மோஷே கிப்ஸ் இதையே வட்டக் கத்தியால் செய்தார். தோல் டாக்டர்கள் பயாப்ஸிக்கு வைத்திருக்கும் அதே 'பஞ்ச்'. துளைக்கும் புரைக்கும் ஏற்ற விட்டமுள்ள பஞ்சை வைத்துத் திருகினால் துளை, சுவரோடு உருளையாக வந்துவிடும். அந்த வழியாகவே உள்ளே சுத்தம் செய்யலாம். அவர் குழு 2008-இல் 1,358 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது: முதல் ஆண்டில் 6.5% பேருக்குத் திரும்பியது, 5 ஆண்டில் 13.2%, 10 ஆண்டில் 16.2%. அதாவது பத்து வருடத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் திரும்ப வரும். இந்த எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். திரும்பினாலும் பெரும்பாலும் சின்னதாகவே திரும்பும், அதே முறையை மறுபடி செய்யலாம். அகல வெட்டி நடுக்கோட்டிலேயே தைத்து மூடும் பழைய முறையில் ஏறக்குறைய 20 ஆண்டுக் கணக்கில் திரும்பி வருவது 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று, 2018-இல் 740 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு சொல்கிறது. அந்த ஓர் அறுவையை மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எண்டோஸ்கோப் முறையை இத்தாலியின் மெய்னெரோ 2014-இல் எழுதினார். பவுத்திரத்துக்கு அவரே வடிவமைத்த மெல்லிய குழாய்க் கேமராவை, சுமார் அரை சென்டிமீட்டர் வாய் வழியாகப் புரைக்குள் விடுவது. திரையில் புரையின் உட்புறம் சிவந்த குகை மாதிரி தெரியும். முடிகள் நீரில் பாசி போல அலையும். பார்த்துக்கொண்டே இடுக்கியால் முடியைப் பிடுங்கி, மின்முனையால் சுவரைக் கருக்கி, தூரிகையாலும் சுரண்டியாலும் துடைப்பார்கள். குழியை விரித்து வைக்க கிளைசினும் மானிட்டாலும் கலந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே அதில் ஒற்றைமுனை மின்கருவி வேலை செய்யாது. இதன் பெரிய பலம், பக்கக் கிளைகளைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பது. 250 பேரில் நடந்த பல மைய ஆய்வில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு ஆறியது, சராசரியாக 27 நாளில். கருவி விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது.

லேசரில், முதலில் துளையை எடுத்து, புரையைச் சுரண்டி முடியையெல்லாம் எடுத்த பிறகு, நுனியிலிருந்து சுற்றிலும் ஒளி வீசும் இழையை உள்ளே செலுத்துவார்கள். பெரும்பாலும் 1470 நானோமீட்டர் டயோடு லேசர்தான். அந்த அலைநீளத்தை நீர் நன்றாக உறிஞ்சும், எனவே சூடு சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். 10 வாட் அளவில் வைத்து வினாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் இழையை இழுத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 100 ஜூல். வேகம் குறைந்தால் மேல்தோல் வெந்துவிடும், கூடினால் புரை மூடாது. கிரீஸில் 237 பேருக்குச் செய்ததில் முதல் தடவையிலேயே 90 விழுக்காட்டினருக்கு ஆறியது.

இதில் எங்கே தவறுகிறது என்றால், சுரண்டும் படியைத் தாண்டிவிடும்போது. "லேசர் எல்லாத்தையும் எரிச்சுடும்" என்று நேராக இழையை விட்டால், கருகிய முடி உள்ளேயே தங்கும். வெளிவாய் மூடி, உள்ளே சீழ் கட்டும். மற்றொரு தவறு, அகலமான பைக்கு லேசர் செய்வது. லேசர் குறுகிய குழாயைச் சுருக்கி மூடும், விரல் நுழையும் குழியை மூடாது. கண்ணுக்குத் தெரியாமல் செய்வதால் கிளைப்புரையும் தப்பிவிடும். ஆகவே லேசர் சொல்கிற சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: துளைகளை எடுப்பீர்களா, முடியை எப்படி எடுப்பீர்கள், இழை புதியதா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அவரிடம் செய்துகொள்ளலாம்.

ஃபீனால் வைக்கும் முறை துருக்கியில் பரவலாக உண்டு. முடியை எடுத்துவிட்டு, சுற்றுத் தோலுக்கு வாஸ்லின் தடவி, ஃபீனால் படிகத்தையோ 80% கரைசலையோ புரைக்குள் வைத்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுப்பார்கள். செலவு மிகக் குறைவு. பழகாத கையில் தோலைச் சுட்டுவிடும், அளவு மீறினால் உடலுக்குள்ளும் விஷமாகும். பழகியவர் கிடைத்தால் தவிர வேண்டாம்.

உங்கள் நிலைக்கு நான் முதலில் வைப்பது பஞ்ச் அல்லது பிட் பிக்கிங்தான். புரை நீளமாகக் கிளைத்திருப்பதாகத் தெரிந்து, எண்டோஸ்கோப்பும் அருகில் கிடைத்தால் அது இரண்டாவது. ஒற்றைக் குறுகிய புரையாக இருந்தால் லேசர் செய்யலாம், ஆனால் கூடுதல் செலவுக்கு ஈடான கூடுதல் பலன் இந்த அளவு நோய்க்குக் கிடைக்காது. பஞ்ச் முறையில் எடுத்த திசுவை பயாப்ஸிக்கு அனுப்பலாம் என்பதும் ஒரு லாபம். நம் ஊரில் ஆறாத புரை காசநோயாகவும் இருக்கலாம். பல பத்தாண்டுகள் கவனிக்காமல் விட்ட புரையில் புற்றுநோய் வருவதும் அரிதாக உண்டு. கருக்கிவிட்டால் பார்க்கத் திசு மிஞ்சாது.

சின்ன அறுவை பொருந்தாத நிலைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே அகல வெட்டி ஆறாமல் நிற்கும் நடுக்கோட்டுப் புண், இரண்டு மூன்று அறுவைக்குப் பிறகு தழும்பேறிய இடம், இருபுறமும் பல வாய்கள், மிக ஆழமான பிளவு ஆகியவை. இவற்றுக்குப் பிளவையே மேடாக்கி, தையலை நடுக்கோட்டிலிருந்து தள்ளி வைக்கும் கரிடாக்கிஸ், பாஸ்கமின் 'கிளெஃப்ட் லிஃப்ட்', லிம்பர்க் போன்ற அறுவைகள்தான் சரி. தையல் நடுக்கோட்டைவிட்டு விலகினால் புண் ஆறுவதும் நிலைப்பதும் மேம்படுகிறது என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பிலேயே உறுதியான விஷயம். துளை ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் எம்ஆர்ஐ எடுத்துப் பவுத்திரம் இல்லை என்று உறுதி செய்யாமல் எந்த அறுவையும் வேண்டாம். மற்றவர்களுக்குப் பொதுவாக ஸ்கேன் தேவையில்லை. அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூடக் கட்டிகள் வருகின்றன என்றால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம், அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

புண் பராமரிப்பில்தான் நல்ல அறுவைகள் வீணாகின்றன. நடுத் துளைகள் சீக்கிரம் மூடும். பக்க வாய் கீழிருந்து மேலாக ஆற வேண்டும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம். மறுநாளிலிருந்து தினமும் இருமுறையும் மலம் கழித்த பிறகும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கழிவறையில் இருக்கும் கைப்பீச்சுக் குழாயை மெதுவாகத் திறந்து பிடித்தால் போதும். ஒற்றி உலரவிட்டு, காஸ் துணியைத் தளர்வாக மேலே வையுங்கள். குழிக்குள் திணிக்க வேண்டாம். திணித்த துணி கசிவை அடைத்துவிடும், எடுக்கும்போது புதிய சதையைப் பிய்த்துவிடும். உள்ளாடை நனையாமல் இருக்க சானிட்டரி நாப்கின் வைத்துக்கொள்ளலாம், ஆண்களும் கூசாமல் வைக்கலாம். மருந்துப் பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பவுடர் கெட்டியாகிப் புண் வாயில் மூடி போல் உட்கார்ந்துவிடும்.

நிறம் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருந்தால் நன்று. அடர்சிவப்பாக மொட்டு போல வெளியே துருத்தி, தொட்டால் ரத்தம் வந்தால் அது மிகைச் சதை. டாக்டர் சில்வர் நைட்ரேட் குச்சியால் ஒருமுறை தொட்டால் அடங்கும். வெளித்தோல் மூடிவிட்டது, ஆனால் உள்ளே அழுத்தினால் வலிக்கிறது, நடக்கும்போது தெறிக்கிறது என்றால் வாய் முந்தி மூடிக்கொண்டது என்று பொருள். அன்றே போய்த் திறந்துவிடச் சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் மறுபடி சீழ் கட்டும். முதல் இரவு ரத்தம் நனைத்தால் பஞ்சுத்துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் மருத்துவமனை. ஆறு வாரமாகியும் மூடாத புண்ணில் ஒரு முடியோ, விட்டுப்போன ஒரு துளையோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் அது மூடாது.

முடி விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ரேசரால் வழிப்பது நல்லது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. 2018-இல் வந்த ஒரு தொகுப்பில், ரேசரோ கிரீமோ பயன்படுத்தியவர்களில் 23.4% பேருக்கு நோய் திரும்பியது, ஒன்றும் செய்யாதவர்களில் 19.7%, லேசரால் முடி நீக்கியவர்களில் 9.3%. அமெரிக்காவில் 11 முதல் 21 வயதுக்குள் 302 பேரிடம் நடந்த சோதனையிலும், வழக்கமான பராமரிப்போடு லேசர் முடிநீக்கமும் சேர்த்தவர்களில் ஓராண்டில் 10.4% பேருக்குத்தான் திரும்பியது, சேர்க்காதவர்களில் 33.6%. இந்த லேசர் தோல் டாக்டரிடம் செய்வது. புரைக்குள் விடும் லேசரும் இதுவும் வேறு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கைந்து வார இடைவெளியில் சுமார் ஐந்து தடவை. நம் மாநிறத் தோலுக்குச் சூட்டுத் தழும்பு வராத அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். புண் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள். பணம் தோதுப்படவில்லை என்றால், டிரிம்மரால் வாரம் ஒருமுறை பிளவைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒட்ட வெட்டுவது. கைக்கு எட்டாத இடம் என்பதால் வீட்டில் ஒருவர் உதவ வேண்டும்.

காப்பீடு இருந்தால், பாலிசியில் பைலோனிடல் சைனஸ் என்று தேடிப் பாருங்கள். பல பாலிசிகளில் இதற்கு 24 மாதக் காத்திருப்பு இருக்கிறது. ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் அறுவைக்குப் பணம் தருவார்களா என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கடைசியாகத் தேர்வு. இப்போது வெறும் கசிவுதான், வீக்கமோ காய்ச்சலோ இல்லை என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. இந்த வாரமே பஞ்ச் முறையில் செய்தால் தேர்வுக்குள் பெரும்பாலும் ஆறிவிடும், இரண்டு மூன்று நாளில் உட்கார்ந்து படிக்கலாம். அல்லது தேர்வு முடிந்து செய்யலாம். கசிகிற வரை அழுத்தம் வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஐந்து வாரத்தில் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அதுவரை தினம் கழுவி, சுற்று முடியை டிரிம்மரால் வெட்டி, வால் எலும்பு படிய நாற்காலியில் சரிந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கசிவு திடீரென்று நின்று, இடம் வீங்கிக் குத்துகிறது என்றால் தேர்வுக்காகப் பொறுக்காதீர்கள். அன்றே போய், நடுக்கோட்டில் கீறாமல் பக்கவாட்டில் சின்னதாகக் கீறிச் சீழை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. துளை எடுக்கும் அறுவையைச் சிவப்பும் வீக்கமும் வடிந்த பிறகு, தேர்வு முடிந்து வைத்துக்கொள்ளலாம்.